கறுப்புக் காய்க்கு எந்த டிஃபென்ஸ்? புதிதாக செஸ் பழகுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலை உவர்மலையில் என் வீட்டு விறாந்தைக்குச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் செஸ் விளையாட வருவார்கள். "சேர், கறுப்புக்கு எதைப் போடுறது?" என்று யாராவது கேட்காத கிழமை இல்லை. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் பெற்றோர் வாட்ஸ்அப்பில் கேட்பதும் இதைத்தான். வெள்ளையின் முதல் நகர்வுகளுக்குக் கறுப்பு கொடுக்கும் பதில் வரிசைதான் டிஃபென்ஸ். ஒரே பதிலைக் குரல்பதிவாகத் திருப்பித் திருப்பி அனுப்பி அலுத்துப்போய், இப்போது எழுதியே வைத்துவிட்டேன்.

கட்டங்களை வாயால் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன். வெள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச். கீழிருந்து மேலாக 1 முதல் 8. காயின் பெயர் இல்லாமல் ஈ4 என்று மட்டும் சொன்னால் சிப்பாயை அந்தக் கட்டத்துக்குத் தள்ளுவது. பிஷப்பை மந்திரி என்பவர்களும் உண்டு, ராணியையே மந்திரி என்பவர்களும் உண்டு. அந்தச் சண்டை வேண்டாம், பிஷப் என்றே இருக்கட்டும். மூலையில் நிற்பது யானை.

ஒரே வரியில் சொல்லுங்கள், எதைப் போடுவது?

வெள்ளை ஈ4 போட்டால் ஈ5. டி4 போட்டால் டி5. முதல் ஆறு மாதத்துக்கு இது போதும்.

கறுப்பு கிடைத்தாலே பாதித் தோல்விதானே?

பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால், சமநிலைகளைப் பாதிப் புள்ளியாகக் கணக்கிட்டு, வெள்ளைக்கு நூற்றுக்கு 54, 55 புள்ளி அளவில் வருகிறது. முதலில் நகர்த்துவதற்குக் கிடைக்கும் கூலி அவ்வளவுதான். நம் மட்டத்தில் அந்தக் கூலி கண்ணுக்கே தெரியாது. காவல் இல்லாமல் குதிரையை விட்டவர் தோற்பார், நிறம் எதுவானாலும்.

2024 இல் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்தில், அதுவரை சாம்பியனாக இருந்த சீனாவின் டிங் லிரன் கறுப்பில் பிரெஞ்சு டிஃபென்ஸ் ஆடி சென்னையின் குகேஷை வென்றார். டிசம்பர் 12 அன்று நடந்த 14ஆவது, கடைசி ஆட்டத்தில் குகேஷுக்குக் கறுப்பு. அதில் வென்றுதான் அவர் சாம்பியன் ஆனார். குகேஷை நம் பிள்ளை என்று கொண்டாடுகிறவர்கள் அவர் எந்தக் காயில் வென்றார் என்பதையும் ஒருக்கா ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

ஈ4 போட்டால் ஏன் ஈ5? யூடியூபில் எல்லாரும் சிசிலியன் (ஈ4 க்கு சி5) என்கிறார்களே?

ஈ5 ஒரு சிப்பாயைத் தள்ளுகிறது, இரண்டு வாசலைத் திறக்கிறது. எஃப்8 பிஷப்புக்கு ஒரு வழி, ராணிக்கு ஒரு வழி. நடுப்பலகையில் வெள்ளைக்கு நிகராக ஒரு காலும் ஊன்றியாயிற்று. அதற்குப் பிறகு வரும் நகர்வுகளைப் பாடமாக்க வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும். வெள்ளை குதிரையை எஃப்3 கொண்டுவந்து ஈ5 சிப்பாயைத் தாக்கும். நாம் குதிரையை சி6 கொண்டுவந்து காப்போம். வெள்ளை பிஷப்பை சி4 வைக்கும்; நாமும் பிஷப்பை சி5 வைப்போம். இதற்கு இத்தாலியன் என்று பெயர்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். ஈ4, ஈ5 ஆட்டங்களில் பலகை கெதியாகத் திறந்துவிடும். பின் போடுவது (நகர்ந்தால் பின்னால் நிற்கும் பெரிய காய் மாட்டும்படி ஒரு காயைக் கட்டிப்போடுவது), ஒரே குதிரையால் இரண்டு காயைத் தாக்குவது, ராஜா நடுவில் மாட்டுவது எல்லாம் பத்து நகர்வுக்குள் நடக்கும். அடி வாங்குவோம், சரி. ஆனால் அந்த அடியில்தான் கண் திறக்கும். மூடிய ஆட்டத்தை ஆறு வயதிலேயே பழகிய பிள்ளை பன்னிரண்டு வயதில் ஒரு சின்னத் திறந்த தாக்குதலைக் கண்டு திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

என் மகன் நாலு நகர்விலேயே மேட் வாங்கிக்கொண்டு வருகிறான். என்ன செய்வது?

அனேகமாக எல்லாப் பிள்ளைகளும் கடந்துவரும் அம்மைக்காய்ச்சல் இது. என் விறாந்தையில் நடப்பதை அப்படியே சொல்கிறேன்.

வெள்ளை ஈ4, கறுப்பு ஈ5. வெள்ளை ராணியைத் தூக்கி எச்5 இல் டக்கென்று வைக்கும். கறுப்புப் பிள்ளையின் கை உடனே ஜி7 சிப்பாய்க்குப் போகும்: ராணியை விரட்ட வேண்டுமே! ஜி6 தள்ளினால் ராணி ஈ5 சிப்பாயை வெட்டி செக் சொல்லும், அதே கோட்டில் எச்8 மூலை யானையும் மாட்டிவிடும். ஒரு நகர்வு, ஒரு சிப்பாய், ஒரு யானை.

சரியான முறை இது. ராணி எச்5 வந்ததும் ஈ5 சிப்பாயைக் காக்கக் குதிரை சி6. வெள்ளை பிஷப் சி4. இப்போதுதான் எஃப்7 இல் மேட் அச்சுறுத்தல் வருகிறது. இப்போது போடுங்கள் ஜி6. ஈ5 சிப்பாய்க்குக் குதிரை காவல் இருப்பதால் அந்தப் பழைய அடி வேலை செய்யாது. ராணி எஃப்3 போய் மறுபடி எஃப்7 கட்டத்தைப் பார்க்கும். குதிரையை எஃப்6 வையுங்கள், வழி அடைபட்டது. இரண்டு குதிரையும் வெளியே, பிஷப்புக்கு ஜி7 காத்திருக்கிறது, அடுத்து டி4 குதிரை பாய்ந்தால் ராணியையும் சி2 சிப்பாயையும் ஒன்றாகத் தாக்கும். வெள்ளைக்கோ ராணியின் உலாத்தல் மட்டும்தான் மிச்சம்.

அதே ஜி6தான். ஒரு நகர்வு முந்திப் போட்டால் யானை போகும், ஒரு நகர்வு பிந்திப் போட்டால் ராணி விரண்டோடும். இதை ஒரு பிள்ளை விளங்கிக்கொண்டால் ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள், என்றால் என்னவென்று பாதி விளங்கிவிட்டது என்பேன்.

இத்தாலியனில் பிஷப்பை சி5 வைப்பதா, குதிரையை எஃப்6 வைப்பதா?

முதலில் பிஷப். மூன்றாம் நகர்வில் குதிரையை எஃப்6 வைத்தால் வெள்ளைக் குதிரை ஜி5 பாயும், எஃப்7 கட்டத்தை பிஷப்போடு சேர்ந்து இரண்டு பேர் பார்ப்பார்கள். டி5 தள்ளி வழியை மறிப்பது சரி. ஆனால் வெள்ளை அதை வெட்டியதும் பிள்ளைகள் குதிரையால் திருப்பி வெட்டுவார்கள். அடுத்த நகர்வில் வெள்ளைக் குதிரை எஃப்7 இல் விழுந்து ராஜாவை நடுரோட்டுக்கு இழுத்துவிடும். அந்தத் தாக்குதலுக்கு ஃபிரைட் லிவர் என்று பெயர், அதாவது பொரித்த ஈரல். திருப்பி வெட்டாமல் சி6 குதிரையை ஏ5 கொண்டுபோய் வெள்ளை பிஷப்பைத் தாக்குவதுதான் மருந்து.

பிஷப்பை முதலில் சி5 வைத்தால் இந்தத் தலையிடி இல்லை. அப்போது குதிரை ஜி5 பாய்ந்தால் டி8 இலிருந்து ராணி சும்மா வெட்டிவிடும். வெள்ளை டி3 போட்டு, நாம் குதிரையை எஃப்6 வைத்த பிறகு வெள்ளைக் குதிரை ஜி5 வந்தால் காஸ்லிங் போட்டுவிடுங்கள்; அதாவது ராஜாவை யானைப் பக்கம் இரண்டு கட்டம் நகர்த்தி, யானையை அதன் மறுபக்கம் வைத்துக் கோட்டை கட்டுவது. எஃப்7 கட்டத்துக்கு யானையும் காவலுக்கு வந்துவிடும்.

வெள்ளை டி4 போட்டால்?

டி5. வெள்ளை பெரும்பாலும் சி4 தள்ளும், குயின்ஸ் கேம்பிட். அதற்கு ஈ6 போட்டு டி5 சிப்பாயைக் காத்துக்கொள்ளுங்கள். சி4 சிப்பாயை வெட்டித் தின்றுவிட்டு, பி5 தள்ளி அதைக் காப்பாற்றலாம் என்று நினைக்கவே வேண்டாம். வெள்ளை ஈ3, ஏ4 என்று உடைத்து, கடைசியில் ராணியை எஃப்3 வைத்து ஏ8 மூலையைப் பார்க்கும்போது ஏதாவது ஒரு காயைப் பறிகொடுக்க வேண்டிவரும்.

ஈ6 வழியில் பிள்ளைகளுக்குப் பிடித்த ஒரு பொறி இருக்கிறது, பெயர் எலிஃபன்ட் ட்ராப். டி4 டி5, சி4 ஈ6, குதிரை சி3 குதிரை எஃப்6, பிஷப் ஜி5, இப்போது கறுப்பு மற்றக் குதிரையை டி7 வைக்கிறது. வெள்ளை டி5 வெட்டுகிறது, நாம் ஈ சிப்பாயால் திருப்பி வெட்டுகிறோம். "எஃப்6 குதிரை நகர முடியாதே, நகர்ந்தால் பின்னால் ராணி போகுமே" என்று வெள்ளை டி5 சிப்பாயைக் குதிரையால் எடுக்கும். நகர முடியாது என்று நினைத்த அந்தக் குதிரையாலேயே டி5 குதிரையை வெட்டுங்கள். வெள்ளை பிஷப் நம் ராணியை எடுக்கும், எடுக்கட்டும். பிஷப்பை பி4 வைத்து செக். வெள்ளைக்குத் தன் ராணியை டி2 இல் மறைப்பாக வைப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. அதை வெட்டி, ராஜா நம் பிஷப்பை எடுத்ததும் டி8 பிஷப்பை நம் ராஜாவால் எடுத்தால், ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரை லாபம்.

இப்போதெல்லாம் ஃபோனில் விளையாடுகிறவர்கள் சி4 தள்ளாமல் பிஷப்பை எஃப்4 வைக்கும் லண்டனைத்தான் அதிகம் போடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. சி5 தள்ளுங்கள், குதிரை சி6, பிறகு ராணி பி6. சி1 இலிருந்து பிஷப் கிளம்பிவிட்டதால் பி2 சிப்பாய்க்குக் காவல் இல்லை. வெள்ளை அதைக் கவனிக்கத் தொடங்கும்போது அதன் பாடம் பண்ணிய வரிசை குழம்பும்.

ஈ5 அலுத்துவிட்டது. அடுத்து எது?

முதலில் ஒரு கேள்வி: அலுத்துவிட்டதா, தோற்றுவிட்டீர்களா? கடைசி பத்துத் தோல்விகளைக் கொப்பியில் பாருங்கள். ஏழெட்டில் காயைச் சும்மா விட்டுத் தோற்றிருந்தால் எந்த டிஃபென்ஸுக்கு மாறினாலும் அதே காய் அங்கேயும் போகும்.

உண்மையிலேயே அலுத்திருந்தால் என் சிபாரிசு காரோ-கான். ஈ4 சி6, டி4 டி5. இங்கிலாந்துக்காரரான ஹொராஷியோ காரோவும் வியன்னாக்காரரான மார்கஸ் கானும் 1886 இல் ஆராய்ந்து எழுதியது என்பதால் இந்தப் பெயர். உலக சாம்பியன்களாக இருந்த கபாபிளாங்கா, கார்ப்பொவ் எல்லாம் கையாண்ட டிஃபென்ஸ். நான் இதைச் சொல்வதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: சி8 பிஷப். சிப்பாய்ச் சுவர் எழும்புவதற்கு முன்பே அது வெளியே வந்துவிடும்.

வெள்ளை ஈ5 தள்ளினால் பிஷப்பை எஃப்5 வையுங்கள், பிறகுதான் ஈ6, பிறகு சி5 தள்ளி நடுவை உடையுங்கள். வெள்ளை டி5 வெட்டினால் சி சிப்பாயால் திருப்பி வெட்டுங்கள், பெரிய கலவரம் இல்லை. குதிரை சி3 வந்தால் ஈ4 சிப்பாயை வெட்டி, வெள்ளைக் குதிரை திருப்பி வெட்டியதும் பிஷப் எஃப்5. குதிரை ஜி3 விரட்டும், பிஷப் ஜி6 போகும். இப்போது வெள்ளை எச்4 தள்ளினால் நாம் எச்6 போட்டே ஆக வேண்டும். விட்டால் எச்5 வரும், பிஷப்புக்கு ஓட இடமில்லை. இந்த ஒரு நகர்வை மறந்து பிஷப்பைப் பறிகொடுத்த பிள்ளைகளின் கணக்கு என்னிடம் நிறைய இருக்கிறது.

எஃப்5 பிஷப்புக்குப் பதிலாகக் குதிரையை டி7 வைக்கும் வழியும் உண்டு. அதில் வெள்ளை ராணி ஈ2 வந்து சாதுவாக நிற்கும். நீங்கள் மற்றக் குதிரையை எஃப்6 வைத்தால் வெள்ளைக் குதிரை டி6, மேட். ஈ7 சிப்பாய் அதை வெட்டலாமே என்று தோன்றும்; ராணி பின் போட்டிருப்பதால் வெட்ட முடியாது. ஆறே நகர்வு.

இதே டி7 வழியில்தான் 1997 மே 11 அன்று உலக சாம்பியன் கஸ்பரோவ் டீப் புளூ கணினியிடம் கடைசி ஆட்டத்தை விட்டார். வழக்கமாக பிஷப்பை டி6 வைத்த பிறகு வரும் எச்6 நகர்வை ஏழாம் நகர்விலேயே போட்டார். கணினி ஈ6 இல் குதிரையைப் பலி கொடுத்தது. 19 நகர்வில் ஆட்டம் முடிந்தது. விறாந்தையில் ஜி6 முந்திப் போட்டு யானையை விடும் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் ஆறுதல் சொல்வது.

காரோ-கான் பழகினால் டி4 ஆட்டத்திலும் ஈ6 விட்டு சி6 க்கு மாறலாம், அது ஸ்லாவ். சிப்பாய்கள் அதே இடம், எண்ணமும் அதே எண்ணம். ஒரு படிப்பில் இரண்டு சோதனை பாஸ்.

பிரெஞ்சு டிஃபென்ஸ் எப்படி?

நல்ல டிஃபென்ஸ். 1834 இல் லண்டனுக்கும் பாரிஸுக்கும் தபால் வழியே நடந்த போட்டியில் பாரிஸ்காரர்கள் ஆடியதால் வந்த பெயர். ஈ4 ஈ6, டி4 டி5. ஆனால் எனக்கும் அதற்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

தரம் 9 படிக்கும்போது வலய மட்டப் போட்டிக்கு பிரெஞ்சுதான் பாடமாக்கிக்கொண்டு போனேன், குதிரை சி3 வந்தால் என்ன செய்வது என்று பத்து நகர்வு வரை. எதிரே இருந்த பெடியன் மூன்றாம் நகர்வில் ஈ5 தள்ளிவிட்டான். எனக்கு வியர்த்துவிட்டது. சி5 தள்ளி டி4 சிப்பாயின் அடியைத் தாக்க வேண்டும் என்பது தெரியாது. ஏ6, எச்6 என்று ஓரத்தில் சிப்பாய் தள்ளிக்கொண்டிருந்தேன். தோற்று, கைகொடுத்து, காய்களைத் திரும்ப அடுக்கினோம். என் சி8 பிஷப்பை எடுத்து வைக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. ஆட்டம் முழுவதும் அது நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லை.

ஈ5 வந்தால் சி5 என்பதும், அடைபட்ட பிஷப்போடு பொறுமையாக வாழ்வதும் உங்களுக்கு முடியுமென்றால் பிரெஞ்சு ஆடுங்கள். குயின்ஸ் கேம்பிட்டில் ஈ6 போடும்போதும் அதே பிஷப் அடைபடத்தானே செய்கிறது என்று ஒரு தங்கச்சி மடக்கினாள். சரியான கேள்வி. வித்தியாசம் என்னவென்றால் அங்கே வெள்ளைச் சிப்பாய் ஈ5 இல் வந்து குந்தி மூச்சை அடைப்பதில்லை. டி5 இல் சிப்பாய் மாறினால் பிஷப்புக்கு வழி திறக்கும், இல்லாவிட்டால் பி6 போட்டு பி7 வழியாக வெளியேறலாம்.

சிசிலியன்?

ஒரு வருடம் கழித்து. பிஷரும் கஸ்பரோவும் ஆடியதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சி5 போட்டதும் வெள்ளைக்கு ஐந்தாறு பாதை திறக்கும், ஒவ்வொன்றுக்கும் உங்களுக்குத் தனி விடை வேண்டும். பாடசாலை, ரியூசன், புலமைப்பரிசில் இதெல்லாம் போக மிஞ்சும் நேரத்துக்கு அது கட்டாது.

ஸ்காண்டினேவியன்?

ஈ4 போட்டதும் டி5. வெள்ளை வெட்ட, ராணியால் திருப்பி வெட்டி, குதிரை சி3 விரட்டும்போது ராணி ஏ5. படிக்க நேரமே இல்லாத பெரியவர்களுக்கு நல்லது. பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை, ராணியை முதலிலேயே வெளியே கொண்டுவராதே என்று ஒரு மாதம் சொல்லிவிட்டு மறுகிழமை இதைக் காட்டினால் என்னை நம்ப மாட்டார்கள்.

எதற்கும் ஒரே மாதிரி ஜி6, பிஷப் ஜி7, டி6, குதிரை எஃப்6, காஸ்லிங் என்று போட்டுவிட்டால்?

கிங்ஸ் இண்டியன் ஆட்டக்காரர்கள் செய்வது அது போலத்தான் தெரியும். அவர்கள் நடுப்பலகையை வெள்ளைக்குக் கொடுத்துவிட்டு, எப்போது ஈ5 அல்லது சி5 தள்ளி அதை உடைப்பது என்று கணக்குப் பண்ணிக்கொண்டே இருப்பார்கள். புதியவர்கள் கொடுப்பதோடு நிறுத்திவிடுவார்கள்.

காஸ்லிங் போட்டால் ராஜா பத்திரம்தானே?

நம் ஊர்க்காரர் இதைக் கேட்கலாமா? திருகோணமலைக் கோட்டை 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது, அதே ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. காஸ்லிங் போடுங்கள், பத்து நகர்வுக்குள் போடுங்கள். போட்ட பிறகு ராஜாவுக்கு முன்னால் இருக்கும் மூன்று சிப்பாயையும் காரணமில்லாமல் தொடாதீர்கள்.

கோட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. ஒருமுறை பிள்ளைகளைப் பிரெட்ரிக் கோட்டைக்குள் கூட்டிப்போய் மரநிழலில் ரெக்சின் பலகைகளை விரித்தோம். ஒரு புள்ளிமான் வந்து பலகையை முகர்ந்துவிட்டு, டி5 இல் இருந்த சிப்பாயைத் தட்டிவிட்டுப் போனது. "மான் வெட்டினா செல்லுமா சேர்?" என்று அரைமணி நேரம் வழக்கு.

எத்தனை நகர்வு பாடமாக்க வேண்டும்?

ஐந்தாறு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். "இந்தப் பிஷப் ஏன் இங்கே?" என்று நான் கேட்டால் "எல்லாரும் அங்கதானே வைக்கிறாங்க சேர்" என்று பதில் வந்தால், அந்தப் பிள்ளைக்கு அந்த நகர்வு இன்னும் தெரியாது என்றுதான் எடுத்துக்கொள்வேன். வாயால் பாடமாக்குவதைவிடக் கை பாடமாக்குவது இன்னும் ஆபத்து. போட்டியில் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். எதிராளி வரிசையை மாற்றியதைக் கண் காணும் முன்னே கை பழக்கத்தில் காயைத் தொட்டுவிடும். என் பிள்ளைகள் எதிராளி நகர்த்தியதும் கையை மடியில் வைத்துக்கொண்டுதான் யோசிக்க வேண்டும், அது விறாந்தைச் சட்டம்.

காசு செலவில்லாமல் எங்கே பழகலாம்?

லிச்செஸ் என்ற செஸ் இணையத்தளம் முழுக்க இலவசம், விளம்பரமும் இல்லை. அதில் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர் என்று ஒன்று இருக்கிறது. ஒரு நகர்வுக்கு உங்கள் மட்டத்து ஆட்டக்காரர்கள் என்ன பதில் போடுகிறார்கள் என்று காட்டும். நிமிட ஆட்டங்களைக் குறையுங்கள். பத்து அல்லது பதினைந்து நிமிட ஆட்டம் இரண்டு ஆடி, முடிந்ததும் கணினியிடம் போகும் முன் நீங்களே எட்டாம் நகர்வு வரை திரும்பப் பாருங்கள்: எந்தக் காய் இன்னும் வீட்டிலேயே இருந்தது? அதைக் கொப்பியில் எழுதுங்கள். டேட்டா தீர்ந்தாலும் கொப்பி இருக்கும்.

வெள்ளை ஈ4, டி4 இரண்டும் போடாமல் வேறு ஏதாவது போட்டால்?

சி4 போட்டால் ஈ5. குதிரை எஃப்3 போட்டால் டி5. எச்4, ஏ4 மாதிரி ஏதாவது தள்ளினால் சந்தோஷமாக ஈ5 போட்டு, அடுத்து டி5 தள்ள முடியுமா என்று பாருங்கள், அனேகமாக முடியும்.